கரும்பில் திசு வளர்ப்பும் மரபணு மாற்றமும்: எது நோயை நீக்கும், எது நோயைத் தாங்க வைக்கும்?

செடியின் சிறு துண்டைக் கிருமியில்லாத ஊட்டக் கரைசலில், பாட்டிலுக்குள் வளர்த்து நாற்றாக்குவதுதான் திசு வளர்ப்பு. அப்படி வந்த கரும்பு நாற்றை நட்டால் நோயே வராது என்று பலர் நம்புகிறார்கள். நாற்று வயலுக்கு வந்து சேரும்போது அதற்குள் நோய் இல்லை என்பது மட்டும்தான் உண்மை. நட்ட பிறகு மண்ணிலிருந்தோ பக்கத்து வயலிலிருந்தோ கிருமி வந்து சேர்ந்தால், அந்த ரகத்துக்கு இயல்பாக எவ்வளவு தாங்கும் சக்தி உண்டோ அவ்வளவுதான் அந்த நாற்றுக்கும் இருக்கும். அந்தச் சக்தியைக் கூட்ட வேண்டுமானால் செடியின் மரபணுவில் மாற்றம் வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலைகள். ஆனால் மரபணு மாற்றம் செய்யவும் திசு வளர்ப்புக் கூடம்தான் வேண்டும் என்பதால், பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இந்தக் கட்டுரை இரண்டையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றும் எப்படி நடக்கிறது, எங்கே தவறும் என்று சொல்கிறது.

நோய் கரணைக்குள்ளேயே பயணம் செய்கிறது

கரும்பை வயலில் யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. ஒரு பரு, இரு பரு கரணைகளாக வெட்டித்தான் நடுகிறோம். தாய்க்கரும்பின் நல்ல குணங்கள் அத்தனையும் மாறாமல் வருவது இதனால்தான். தாய்க்கரும்பின் தண்டுக்குள் இருந்த பூஞ்சணமும் பாக்டீரியாவும் வைரஸும் கூடவே வருவதும் இதனால்தான்.

செவ்வழுகல் ஒரு பூஞ்சண நோய். தாக்கிய கரும்பை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே சிவந்து, அந்தச் சிவப்பின் குறுக்கே வெள்ளைத் திட்டுகள் இருக்கும். புளித்த சாராய வாடை வரும். கரிப்பூட்டை நோயில் குருத்திலிருந்து கறுப்புச் சாட்டை போன்ற ஒன்று நீளும். புல்தண்டு நோய் பைட்டோபிளாஸ்மா என்ற செல்சுவர் இல்லாத பாக்டீரியாவால் வருவது. தூர் முழுக்கப் புல்லைப் போல மெலிந்த, வெளுத்த முளைகளாகக் கிளம்பும். தேமலும் மஞ்சள் இலை நோயும் வைரஸ் நோய்கள். இவற்றை அசுவினிகளும் பரப்பும்.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது பாக்டீரியாவால் வரும் மறுதாம்புக் குட்டை நோய் (மறுதாம்பு என்பது வெட்டிய தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் பயிர்). வெளியே அடையாளமே தெரியாது. கரும்பு கொஞ்சம் குட்டையாக, கொஞ்சம் மெலிந்து இருக்கும். தண்ணீர் போதவில்லை, உரம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வோம். கணுவை மெல்லச் சீவிப் பார்த்தால் அடிப்பகுதியில் ஆரஞ்சுச் சிவப்பில் சிறு புள்ளிகள் தெரியலாம், சில ரகங்களில் அதுவும் தெரியாது. வெட்டுக்கத்தி வழியே ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்கு இந்தப் பாக்டீரியா போய்விடும்.

கரணையை 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 2 மணி நேரம் வைத்தால் இந்த நோய் பெருமளவு அடங்கும். ஒரு டிகிரி கூடினால் பரு வெந்து முளைப்பு குறையும். ஒரு டிகிரி குறைந்தால் பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும். வைரஸ்களை வெந்நீர் நம்பகமாக நீக்காது. அங்கேதான் வளர்முனைத் திசு வளர்ப்பு வருகிறது.

வளர்முனை ஏன் சுத்தமாக இருக்கிறது

கரும்பின் குருத்தை உரித்துக்கொண்டே போனால், கடைசியில் உருண்டையான, பளபளப்பான, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சிறு குமிழ் இருக்கும். அதுதான் வளர்முனை. அங்கே செல்கள் இடைவிடாமல் பிரிந்துகொண்டிருக்கின்றன; நீரும் உணவும் கடத்தும் குழாய்கள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. வைரஸும் பைட்டோபிளாஸ்மாவும் செடிக்குள் தொலைதூரம் போவது அந்தக் குழாய்கள் வழியாகத்தான். குழாய் எட்டாத இடத்துக்கு அவை மெதுவாகத்தான் நகர முடியும். செல்கள் அதைவிட வேகமாகப் புதிதாக உருவாகின்றன. வைரஸின் ஆர்என்ஏவை வெட்டித் தள்ளும் செடியின் தற்காப்பும் அந்தப் பகுதியில் வலுவாக வேலை செய்கிறது.

எடுக்கும் அளவுதான் இங்கே எல்லாம். 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை, அதாவது குமிழும் அதை ஒட்டிய ஒன்றிரண்டு இளம் இலைத் தொடக்கங்களும் மட்டும் எடுத்தால் வைரஸ் இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பாதிக்கு மேல் செத்துப்போகவும் கூடும். 3 முதல் 5 மில்லிமீட்டர் எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கும். வைரஸும் கூடவே பிழைக்கும். நாற்று உற்பத்தி வேகமாக நடக்க வேண்டும் என்று பெரிய துண்டாக எடுத்துவிட்டு வைரஸ் நீங்கிய நாற்று என்று விற்பது சரியல்ல. அப்படி எடுப்பதானால் தாய்ச்செடி வைரஸ் இல்லாதது என்று முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டும்.

கூடத்தில் நடப்பது

6 முதல் 8 மாத வயதுள்ள, ரகத் தூய்மை உறுதியான, நோய் அறிகுறி இல்லாத கரும்பின் நுனியை வெட்டி எடுத்து, வெளித் தோகைகளை நீக்கி ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உருளையாக்கிக்கொள்கிறார்கள். சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்த ஓடும் நீரில் கழுவி, கார்பெண்டசிம் போன்ற பூஞ்சணக்கொல்லியின் 0.1 சதவீதக் கரைசலில் 15 முதல் 20 நிமிடம் ஊறவிடுவார்கள். அதன்பின் வேலை முழுவதும் வடிகட்டிய காற்று வீசும் லேமினார் ஃப்ளோ மேசையில்தான். 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம், பிறகு 0.1 சதவீத மெர்க்குரிக் குளோரைடில் 5 முதல் 10 நிமிடம். பிறகு கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசல். மெர்க்குரிக் குளோரைடு கொடிய விஷம். அந்தக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது, தனிக் கலத்தில் சேர்த்து முறைப்படி அகற்ற வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்று சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு மாறிய கூடங்கள் உண்டு. அது நல்ல மாற்றம்.

வளர்ப்பு ஊடகம் என்பது செடிக்கு வேண்டிய உப்புகள், வைட்டமின்கள், சர்க்கரை, ஹார்மோன் எல்லாம் கலந்த கரைசல். முராஷிகே, ஸ்கூக் என்ற இருவர் புகையிலைத் திசுவுக்காக 1962இல் வெளியிட்ட எம்எஸ் ஊடகம்தான் கரும்புக்கும் அடிப்படை. ஒரு லிட்டருக்கு வைட்டமின் சேர்ந்த எம்எஸ் தூள் சுமார் 4.4 கிராம், சர்க்கரை 30 கிராம். கெட்டியாக வேண்டுமானால் அகார் 7 முதல் 8 கிராம். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.8. இந்த அளவை அகார் போடும் முன்பே சரிசெய்துவிட வேண்டும்; பிஎச் 5க்குக் கீழே போனால் அகார் உறையாமல் கூழாகவே நிற்கும். பிறகு அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். அதிக நேரம் விட்டால் சர்க்கரை கருகி ஊடகம் பழுப்பாகும், வளர்ச்சி குன்றும். ஜிப்ரலிக் அமிலம் போன்று சூட்டில் சிதையும் பொருள்களை ஆட்டோகிளேவில் வைக்காமல், 0.22 மைக்ரான் வடிகட்டியில் தனியே வடித்து, ஊடகம் ஆறிவரும்போது சேர்ப்பார்கள்.

நுண்ணோக்கியின் கீழ் எடுத்த வளர்முனையை பெரும்பாலும் திரவ ஊடகத்தில் நிற்கும் வடிதாள் பாலத்தின் மேல் வைப்பார்கள். தாள் ஊடகத்தை உறிஞ்சிக் கொடுக்கும். முனை மூழ்காமல் காற்றோடு இருக்கும். முதல் வாரம்தான் ஆபத்தான காலம். வெட்டிய இடத்திலிருந்து கரும்பு ஃபீனால் பொருள்களைக் கசியவிடும். அவை காற்றுப் பட்டுக் கறுத்து முனையைக் கொன்றுவிடும். ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை புதிய ஊடகத்துக்கு மாற்றுவதும், ஊடகத்தில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவில் அஸ்கார்பிக் அமிலம் சேர்ப்பதும், ஆரம்ப நாள்களில் இருட்டில் வைப்பதும் இதற்கான வழிகள். இங்கே சோம்பல்பட்டால் மீதி எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை.

25 டிகிரி வெப்பத்தில், ஒரு நாளில் 16 மணி நேர வெளிச்சத்தில், இரண்டு வாரத்தில் முனை பச்சை பிடிக்கும். நான்கு முதல் ஆறு வாரத்தில் சிறு தளிராகும். அடுத்து பெருக்கம். பிஏபி, கைனெட்டின் போன்ற சைட்டோகைனின்களை (தளிர்விடத் தூண்டும் ஹார்மோன்கள்) லிட்டருக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் வரை சேர்த்தால் ஒரு தளிரின் அடியிலிருந்து பல தளிர்கள் கிளம்பும். 12 முதல் 15 நாளுக்கு ஒருமுறை, மூன்று நான்கு தளிர் கொண்ட கொத்துகளாகப் பிரித்துப் புதிய ஊடகத்தில் விடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நான்கு மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் ஏழு சுற்றில் ஒன்று 16,384 ஆகிறது. நடைமுறையில் கெட்டுப்போவது, கழித்துக்கட்டுவது எல்லாம் போக இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஆனாலும் ஒரு ஹெக்டேர் விதைக்கரும்பிலிருந்து ஏறத்தாழ எட்டு முதல் பத்து ஹெக்டேர்தான் நடமுடியும் என்ற வழக்கமான கணக்கோடு ஒப்பிட்டால், புதிய ரகத்தைப் பரப்ப இதைவிட வேகமான வழி இல்லை.

வேர்விட, எம்எஸ் உப்புகளைப் பாதியாக்கி, சர்க்கரையை 50 கிராம் வரை கூட்டி, வேர்விடத் தூண்டும் ஆக்சின் வகை ஹார்மோனான என்ஏஏவை லிட்டருக்கு 3 முதல் 5 மில்லிகிராம் சேர்ப்பார்கள். இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளை வேர்கள் இறங்கும்.

எங்கே கெடும்

பூஞ்சணம் புகுந்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை, பச்சை, கறுப்புப் பஞ்சாகக் கண்ணில் படும். பாட்டிலைத் திறக்காமலே ஆட்டோகிளேவில் போட்டுக் கொன்றபின்தான் கொட்ட வேண்டும். பாக்டீரியா அப்படி உடனே காட்டிக்கொடுக்காது. கரும்புத் தண்டுக்குள் இயல்பாகவே வாழும் பாக்டீரியாக்கள் நான்கைந்து சுற்று வரை ஒளிந்திருந்து, திடீரென்று தளிரின் அடியில் பால் கலங்கியது போலப் படரும். அதற்குள் அந்த ஒரு தளிரின் வாரிசுகள் நூற்றுக்கணக்கான பாட்டில்களில் இருக்கும். அதனால் எந்தப் பாட்டில் எந்த முனையிலிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லாத கூடம் நல்ல கூடம் அல்ல.

தளிர்கள் கண்ணாடி போல நீர்கோத்து, தொட்டால் ஒடியும் நிலைக்குப் போனால் சைட்டோகைனின் கூடிவிட்டது, அல்லது பாட்டிலுக்குள் காற்றோட்டம் இல்லை என்று பொருள். அவற்றை நட்டால் பிழைக்காது.

சுற்றுகளுக்கும் எல்லை உண்டு. எட்டு சுற்றுக்கு மேல் அதே தாய்முனையை இழுத்துக்கொண்டே போனால் ரகக் குணம் மாறிய செடிகள் கலக்கத் தொடங்கும். உற்பத்தி எண்ணிக்கைக்காக இந்த எல்லையை மீறுவதுதான் திசு வளர்ப்புக் கரும்பின் பெயர் கெடுவதற்குப் பெரிய காரணம். முளை மெலிந்தது, சர்க்கரைச் சத்து குறைந்தது என்று வயலில் கேட்கும் குறைகள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

வைரஸ் நீங்கியதா என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது. தாய்ச்செடியிலும், பெருக்கத் தொடங்கிய முனை வரிசையிலும் எலைசா (கிருமியின் புரதத்தைக் கண்டறிவது) அல்லது பிசிஆர் (அதன் மரபணுப் பொருளைக் கண்டறிவது) சோதனை செய்து, தேமல், மஞ்சள் இலை நோய், புல்தண்டு நோய், மறுதாம்புக் குட்டை நோய் ஆகியவை இல்லை என்று காட்ட வேண்டும். இந்தியாவில் இதற்காகவே மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை 2006இல் திசு வளர்ப்பு நாற்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறையைத் தொடங்கியது. நாற்று வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி விலை மட்டுமல்ல. எந்தெந்த நோய்க்குச் சோதித்தீர்கள், எத்தனையாவது சுற்று என்பதும்தான்.

பாட்டிலிலிருந்து வயலுக்கு

பாட்டிலுக்குள் ஈரப்பதம் கிட்டத்தட்ட நூறு சதவீதம். அங்கே வளர்ந்த இலைக்கு மேல்பூச்சு மெழுகு போதாது. இலைத்துளைகளுக்குச் சரியாக மூடத் தெரியாது. வெளியே எடுத்த சில மணி நேரத்தில் வாடிவிடும். வேரில் ஒட்டிய அகாரையும் சர்க்கரையையும் சுத்தமாகக் கழுவி, பூஞ்சணக்கொல்லியில் நனைத்து, தென்னைநார்க்கழிவும் மணலும் மட்கும் கலந்த குழித்தட்டில் நட்டு, பனிமூட்டம் தெளிக்கும் பசுமைக்குடிலில் வைக்க வேண்டும். கழுவாமல் விட்ட சர்க்கரையில் பூஞ்சணம் பிடித்து நாற்று அடியழுகிச் சாயும். இலைகளை மூன்றில் ஒரு பங்கு கத்தரித்துவிட்டால் நீர் இழப்பு குறையும். இரண்டு வாரம் கழித்து ஈரப்பதத்தைப் படிப்படியாகக் குறைத்து நிழல்வலைக்கு மாற்றி, ஆறு முதல் எட்டு வாரத்தில் வயலுக்கு அனுப்பலாம்.

150க்கு 60 சென்டிமீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 11,100 நாற்று பிடிக்கும். முதல் பயிரில் தூர்கள் அதிகமாகவும் கரும்பு மெலிந்தும் வரும். இதைப் பார்த்து ஏமாற்றம் அடைய வேண்டியதில்லை. இந்த முதல் பயிரை ஆலைக்கு அனுப்பாமல் விதைக்கரும்பாக வெட்டி, அடுத்த தலைமுறையில் கரணையாக நட்டால் தடிமன் இயல்பு நிலைக்கு வந்துவிடும்.

சுத்தம் மட்டும் போதாத இடம்

கோ 0238 என்ற ரகம் 2009இல் வெளியாகி, வட இந்தியக் கரும்புப் பரப்பின் பெரும்பகுதியைப் பிடித்தது. விளைச்சலும் சர்க்கரைக் கட்டுமானமும் (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரை அளவு) ஒருசேரக் கூடிய அபூர்வ ரகம். ஒரே ரகம் அவ்வளவு பரப்பில் நின்றபோது, அதைத் தாக்கக்கூடிய செவ்வழுகல் பூஞ்சணத்தின் புதிய வகை ஒன்று பெருகியது; அதற்குச் சிஎஃப் 13 என்று பெயரிட்டார்கள். உத்தரப் பிரதேசத்தில் அந்த ரகம் நோயில் விழுந்தது. கோ 0238இன் வளர்முனையை எடுத்து எவ்வளவு சுத்தமான நாற்று செய்தாலும், பூஞ்சணம் மண்டிய வயலில் அது தாங்காது. தேவைப்படுவது வேறு மரபணு.

கலப்பினம்தான் இதற்குப் பழைய வழி, இன்றும் முதன்மையான வழி. 1912இல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், தடித்த இனிப்புக் கரும்பையும் காட்டு நாணல் கரும்பையும் சேர்த்து 1918இல் வெளியிட்ட கோ 205 வட இந்தியக் கரும்புச் சாகுபடியின் போக்கையே மாற்றியது. இன்று பயிராகும் கரும்புகள் ஏறத்தாழ எல்லாமே அப்படிப்பட்ட கலப்பின் வழிவந்தவை. அதனால்தான் கரும்பின் மரபணுத் தொகுப்பு இவ்வளவு சிக்கலாக இருக்கிறது. மனிதனுக்கு 46 குரோமோசோம். கரும்புக்கு ரகத்தைப் பொறுத்து 100 முதல் 130. மனித செல்லில் ஒரு மரபணுவுக்கு இரண்டு படிகள் என்றால் கரும்பில் எட்டு முதல் பன்னிரண்டு படிகள். இரண்டு நல்ல ரகங்களைச் சேர்த்தால் வரும் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். நோய் எதிர்ப்பு வந்த பிள்ளையில் சர்க்கரை போயிருக்கும். இரண்டும் உள்ள ஒன்றைக் கண்டுபிடித்து வெளியிடப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகிவிடுகிறது. இருக்கும் நல்ல ரகத்தில் மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஒரே ஒரு மரபணுவை மட்டும் சேர்க்க முடியுமா என்பதுதான் மரபணு மாற்றம் எழுப்பும் கேள்வி.

கேலஸ் என்ற வாசல்

ஒரு முழுக் கரும்புச் செடியில் கோடிக்கணக்கான செல்கள் உண்டு. எல்லாவற்றிலும் புதிய மரபணுவைப் புகுத்த முடியாது. ஒரு செல்லில் புகுத்தி, அந்த ஒன்றிலிருந்து முழுச் செடியை வளர்த்தெடுக்க வேண்டும். குருத்துக்குள் சுருண்டிருக்கும் இளம் இலையைக் குறுக்கே மெல்லிய வட்டுகளாக நறுக்கி, 2,4-டி என்ற ஆக்சின் லிட்டருக்கு 3 மில்லிகிராம் கொண்ட எம்எஸ் ஊடகத்தில் இருட்டில் வைத்தால், மூன்று நான்கு வாரத்தில் வெட்டுவாயில் உருவமற்ற செல்திரள் வளரும். அதுதான் கேலஸ். அதில் இரு வகை வரும். கெட்டியாக, வெள்ளை அல்லது இளமஞ்சளில், சிறு மணிமணியாக இருப்பது கரு உருவாக்கும் கேலஸ், செடியாகும். நீர்த்து, கொழகொழவென்று கண்ணாடி போல இருப்பது செடியாகாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வளரும். நல்லதைக் கிள்ளிக் கிள்ளி எடுப்பது முழுக்கக் கைப்பழக்கம். 2,4-டியை நிறுத்தி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் பச்சைத் தளிர்கள் எழும். மாதக்கணக்கில் பழகிய கேலஸிலிருந்து பச்சையமே இல்லாத வெள்ளைத் தளிர்கள் வரும், அவை பிழைக்காது.

கேலஸ் வழி வரும் செடிகளில் மரபணு தானாகவே சிறிது மாறுவதும் உண்டு. 1970களில் பிண்டார் என்ற ரகத்தின் கேலஸிலிருந்து பிஜி நோய் என்ற வைரஸ் நோயைத் தாங்கும் செடிகள் கிடைத்தன. ஆனால் அப்படி வரும் மாற்றங்களில் பெரும்பாலானவை கெடுதலானவை. நல்லவையும் அடுத்த தலைமுறைகளில் நிலைக்காமல் போகின்றன. அதனால்தான் நாற்று உற்பத்திக்கு வளர்முனையும், மரபணு மாற்றத்துக்கு மட்டும் கேலஸும் என்று பிரித்துக்கொள்கிறார்கள்.

எந்த மரபணு, எப்படிப் புகுத்துவது

நோய்க்கு நோய் உத்தி மாறும். இலையில் வெள்ளைக் கோடு விழுந்து வெளுத்துக் காயும் பாக்டீரியா நோய் ஒன்று உண்டு. அந்தப் பாக்டீரியா ஆல்பிசிடின் என்ற நச்சைச் சுரந்து பச்சையத் துணுக்குகள் உருவாகாமல் தடுக்கிறது. ஆஸ்திரேலியாவில், வேறொரு பாக்டீரியாவிடமிருந்து இந்த நச்சைச் செயலிழக்கச் செய்யும் நொதியின் மரபணுவை எடுத்துக் கரும்பில் சேர்த்தார்கள். 1999இல் வெளியான முடிவுகளில் அந்தச் செடிகள் நோயைத் தாங்கின. கிருமியைக் கொல்லாமல் அதன் ஆயுதத்தை மட்டும் மழுங்கச் செய்த இந்த உத்தி மிக நேர்த்தியானது.

வைரஸுக்கு வேறு வழி. வைரஸின் மேலுறைப் புரத மரபணுவின் ஒரு துண்டைக் கரும்பிலேயே சேர்த்துவிட்டால், செடி அதன் ஆர்என்ஏவை அன்னியப் பொருளாக அடையாளம் கண்டு வெட்டத் தொடங்கும். உண்மையான வைரஸ் வரும்போது அதன் ஆர்என்ஏவும் அதே கத்தியில் வெட்டுப்படும். தேமல் வைரஸ்களுக்கு எதிராக இது 1990களிலேயே காட்டப்பட்டது. செவ்வழுகலுக்கு, பூஞ்சணத்தின் செல்சுவரில் உள்ள குளுக்கனை அரிக்கும் நொதியின் மரபணுவை டிரைக்கோடெர்மா பூஞ்சணத்திலிருந்து எடுத்துச் சேர்த்து, தாங்கும் செடிகளை உருவாக்கியதாக இந்திய ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது.

மரபணு தனியாகப் போனால் வேலை செய்யாது. அதன் முன்னால் ஊக்கி என்ற பகுதி வேண்டும். மரபணு எங்கே, எவ்வளவு இயங்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. இருவித்திலைப் பயிர்களில் நன்றாக வேலை செய்யும் 35எஸ் ஊக்கி கரும்பில் சோர்ந்துவிடும். மக்காச்சோளத்தின் யுபிக்விடின் ஊக்கி நன்றாக இயங்கும். கூடவே ஓர் அடையாள மரபணுவும் போகும்.

புகுத்த இரண்டு வழி. முதலாவது துகள் துப்பாக்கி: ஒரு மைக்ரான் அளவுள்ள தங்கத் துகள்களில் கால்சியம் குளோரைடும் ஸ்பெர்மிடினும் கொண்டு டிஎன்ஏவை ஒட்டவைத்து, ஹீலியம் அழுத்தத்தில் கேலஸின் மேல் சுடுவது. சுடுவதற்கு நான்கு மணி நேரம் முன்பே மானிட்டாலும் சார்பிட்டாலும் சேர்த்த ஊடகத்தில் கேலஸை வைத்தால் செல்கள் சற்றுச் சுருங்கும். துளைபட்டாலும் உள்ளிருப்பது வெளியே கொட்டாது. 1992இல் முதல் மரபணு மாற்றக் கரும்பு இப்படித்தான் கிடைத்தது. இதன் குறை, ஒரே செல்லில் மரபணுவின் பல படிகள் தாறுமாறாக ஒட்டிக்கொள்வது. இரண்டாவது அக்ரோபாக்டீரியம்: தன் டிஎன்ஏவின் ஒரு பகுதியைச் செடிக்குள் செலுத்தும் இயல்புடைய மண் பாக்டீரியா. அந்தப் பகுதியில் நமக்கு வேண்டிய மரபணுவை வைத்து, 100 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோனால் அதைத் தூண்டி, கேலஸோடு இரண்டு மூன்று நாள் சேர்த்து வைப்பார்கள். படிகள் குறைவாக, ஒழுங்காக அமையும். 1998இல் கரும்பில் இது கைகூடியது.

அடுத்து சலித்தெடுப்பது. மரபணு ஏறிய செல்கள் மிகச் சில. அடையாள மரபணு இருந்தால் மட்டும் பிழைக்கக்கூடிய ஆன்டிபயாடிக் ஊடகத்தில் கேலஸை வளர்த்தால் மற்றவை சாகும். இங்கே புதியவர்கள் தடுமாறும் இடம் கனாமைசின். கரும்புச் செல்கள் அதை இயல்பாகவே ஓரளவு தாங்கும். சாக வேண்டியவையும் பச்சையாக நிற்கும். ஜெனடிசின் அல்லது ஹைக்ரோமைசின் தான் நம்பகமானது. அதிலும் உங்கள் ரகம் எந்த அளவில் சாகிறது என்று மாற்றாத கேலஸை வைத்து முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். அக்ரோபாக்டீரியம் வழி போனால் செஃபோடாக்சிம் போட்டு அதைக் கொல்ல வேண்டும். சில செல்கள் மிஞ்சினாலும் பிசிஆர் சோதனையில் செடியில் மரபணு இருப்பது போலப் பொய்க்கோடு விழும். ஆகவே பிசிஆரோடு நிற்காமல், டிஎன்ஏவைத் துண்டாக்கிப் பார்க்கும் சதர்ன் சோதனையில் எத்தனை இடத்தில் ஒட்டியிருக்கிறது என்றும், ஆர்என்ஏ உண்மையில் உருவாகிறதா என்றும் பார்ப்பது கட்டாயம்.

மரபணு இருந்தும் நோய் வரும் செடிகள்

கரும்பு தனக்குள் வந்த புது மரபணுவை அடக்கிவிடுவதில் வல்லது. கூடத்தில் நன்றாக இயங்கிய மரபணு வயலில், அல்லது ஒரு மறுதாம்புக்குப் பிறகு, ஊமையாகிவிடும். இதற்காகத்தான் ஒரே முயற்சியில் நூற்றுக்கணக்கான தனித்தனிச் செடிகளை உருவாக்கிச் சில பருவங்கள் வயலில் பார்க்கிறார்கள். நெல்லில் என்றால் மரபணு மாற்றிய செடியை மூல ரகத்தோடு திரும்பத் திரும்பச் சேர்த்து, கேலஸ் காலத்தில் விழுந்த குறைகளைக் களைந்துவிடலாம். கரும்பில் அப்படிச் செய்தால் மூல ரகமே கலைந்துவிடும். எனவே கூடத்திலிருந்து வரும் ஒற்றைச் செடியே இறுதி ரகமாக நிற்க வேண்டும். இந்தத் துறையில் ஆய்வுக் கட்டுரைகள் ஏராளமாகவும் வயலுக்கு வந்த ரகங்கள் மிகச் சிலவாகவும் இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

செவ்வழுகல் தாங்குதிறனைச் சோதிக்கும் முறை பழையது, இன்றும் அதுவே அளவுகோல். ஏழு எட்டு மாதக் கரும்பில் அடியிலிருந்து மூன்றாவது இடைக்கணுவில் துளையிட்டு, மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் வித்துகள் கொண்ட கரைசலில் இரண்டு சொட்டு விட்டு, துளையைக் களிமண் போன்ற பூச்சால் அடைப்பார்கள். 60 நாள் கழித்துக் கரும்பைப் பிளந்து நான்கைப் பார்ப்பார்கள்: குருத்து காய்ந்ததா, சிவப்பு எத்தனை கணு தாண்டியது, எவ்வளவு அகலம், வெள்ளைத் திட்டு எத்தகையது. 0 முதல் 9 வரை மதிப்பெண். 2 வரை எதிர்ப்பு, 4 வரை மிதமான எதிர்ப்பு; அதற்கு மேல் பலவீனம். மரபணு மாற்றிய செடியானாலும் கலப்பினமானாலும் இந்தச் சோதனையில் தேறாமல் எதிர்ப்பு ரகம் என்று சொல்லக் கூடாது.

இன்று எங்கே நிற்கிறோம்

வறட்சி தாங்கும் கரும்புக்கு இந்தோனேசியா 2013இல் அனுமதி தந்தது. தண்டுத் துளைப்பான் புழுவை எதிர்க்க, பிடி (Bt) என்ற பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த கரும்புக்கு பிரேசில் 2017இல் அனுமதி தந்தது. இரண்டுமே நோய் எதிர்ப்புக்காக உருவாக்கியவை அல்ல. இருந்தாலும் துளைப்பான் இட்ட ஓட்டை வழியேயும் செவ்வழுகல் உட்படப் பல அழுகல் பூஞ்சணங்கள் தண்டுக்குள் நுழைகின்றன என்பதால், பூச்சி குறைந்தால் அழுகலும் குறையும். இந்தியாவில் மரபணு மாற்றக் கரும்பு வணிகச் சாகுபடிக்கு வரவில்லை. காட்டு நாணல் கரும்பின் பெரும் பன்மையம் இந்தியாவில் இருக்கிறது. பூக்கும் வயல்களிலிருந்து மகரந்தம் அதனோடு கலக்குமா என்பதைச் சோதித்துத்தான் அனுமதி பேச வேண்டும். அந்த எச்சரிக்கை நியாயமானது.

வேற்று மரபணு சேர்க்காமல், இருப்பதையே திருத்தும் மரபணுத் திருத்தத்தில் 2022 மார்ச்சில் இந்தியா சில வகைகளுக்கு விதிவிலக்கு அளித்தது. கரும்பில் இதன் சிரமம் படிகள்தான்: நோய்க்குத் துணைபோகும் மரபணுவை முடக்க அதன் எல்லாப் படிகளையும் ஒருசேர வெட்ட வேண்டும். அது முடியாத காரியமும் அல்ல. செல்சுவரைக் கெட்டியாக்கும் லிக்னின் தொடர்பான ஒரு மரபணுவில், சற்றே வேறுபட்ட வடிவங்களையும் சேர்த்து எண்ணிய 109 படிகளில் 107ஐ ஒரே செடியில் திருத்தியதாக 2018இல் ஆய்வு வெளியானது. ஆர்570 என்ற ரகத்தின் மரபணுத் தொகுப்பு 2024இல் வெளியானபோது, பழுப்புத் துரு நோயை நீண்ட காலமாகத் தடுத்துவரும் பகுதியில் அதற்குக் காரணமாகக் கூடிய மரபணுக்கள் எவை என்பதும் அடையாளம் காணப்பட்டது. எந்த மரபணுவைத் தேடுவது என்று தெரிந்துவிட்டால் கலப்பினம் செய்பவர்களும் நாற்றுப் பருவத்திலேயே பிசிஆர் மூலம் பிள்ளைகளைப் பிரித்துவிடலாம். பத்து ஆண்டு காத்திருப்பில் பல ஆண்டு குறையும்.

நாளை செவ்வழுகலைத் தாங்கும் மரபணு மாற்ற ரகம் ஒன்று அனுமதி பெற்று வந்தாலும், அதில் சேர்த்த மரபணு செவ்வழுகலை மட்டுமே பார்க்கும். மறுதாம்புக் குட்டை நோயும் புல்தண்டு நோயும் வழக்கம்போலக் கரணை வழியே வரும். அந்த ரகத்தின் முதல் செடியும் வளர்முனைத் திசு வளர்ப்பில் பெருகி, வைரஸ் சோதனையில் தேறித்தான் வயலுக்கு வர வேண்டும். அடுத்த நடவுக்கு வெட்டும் விதைக்கரும்பையும் 50 டிகிரி வெந்நீரில் 2 மணி நேரம் வைத்து, வெட்டுக்கத்தியைக் கிருமிநாசினியில் நனைத்துத்தான் கரணை போட வேண்டும்.